இரண்டு மேசை, ஒரு விரிப்பு

லங்காஸ்டர், பென்சில்வேனியா
மே 4, 1996

அன்புள்ள கொரீனுக்கு ஒட்டிலியா அத்தை எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. இருமல் விட்டதா இல்லையா என்று ஒரு வரி எழுதக் கூடாதா? என் வலது முழங்கால் எப்போதும்போலத்தான். மழை வருவதற்கு முதல் நாளே எனக்குத் தகவல் வந்துவிடுகிறது.

எளிய வாழ்க்கையைப் படமெடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். காரும் மின்சாரமும் வேண்டாம் என்று குதிரைவண்டியில் போகும் இந்த ஆமிஷ் சபை மக்களுக்கு எதிர்வீட்டில் நாற்பது வருடமாக இருக்கிறேன். கன்னியாஸ்திரீகளிடம் படித்து வளர்ந்த எனக்கே அவர்களுடைய சட்டங்களைக் கேட்டால் மூச்சு முட்டும். தொப்பி விளிம்பு எவ்வளவு அகலம் இருக்கலாம் என்பதற்குக்கூட சபையில் விதி இருக்கிறது. வீட்டில் மின்சாரம் இல்லாவிட்டால் அது எளிமை என்று பட்டணத்தில் நீங்களே முடிவு செய்துகொள்கிறீர்கள். இருபது பேருடைய துணியை ஒரு திங்கட்கிழமை கையால் பிழிந்து பார், பிறகு பேசலாம்.

ஆனாலும் உன் அப்பா என் அண்ணன். அதனால் எதிர்வீட்டுக்குப் போய்க் கேட்டேன். பெனுவேல் கோவேறு கழுதைக்கு லாடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலை செய்யறவன எதுக்குப் படம் எடுக்கணும்? வேலை செய்யாதவனா பாத்து எடுக்கச் சொல்லு, அதுதான் அதிசயம்" என்றார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி மலிண்டா, "அப்ப உங்களத்தான் எடுக்கணும். சாப்பிட்டதும் வரச் சொல்றேன், குறட்டை விடற நேரமா பாத்து" என்றாள்.

முடிவில் சம்மதித்தார்கள். நிபந்தனை ஒன்றுதான்: முகம் கூடாது. முதுகு, கை, குதிரை, வயல் எல்லாம் எடுக்கலாம். உருவம் செய்யாதே என்ற கட்டளையை அவர்கள் அப்படித்தான் படிக்கிறார்கள். கல்யாணப் படம், குழந்தைப் படம் என்று அந்த வீட்டில் ஒரு படமும் கிடையாது. உன் சார்பில் நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். நான் கொடுத்த வாக்கு இதுவரை தவறியதில்லை.

என் வீட்டில் காலை உணவு ஆறரைக்கு. தாமதமாக வருகிறவர்களுக்கு ஆறிய காப்பிதான்.

உன் அத்தை,
ஒட்டிலியா


பிலடெல்பியா
மே 13, 1996

அன்புள்ள அத்தைக்கு,

இருமல் போய்விட்டது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? கொடுக்கமாட்டீர்கள் என்று தெரியும்.

நிபந்தனைக்குச் சம்மதம். முகத்தை எடுக்கமாட்டேன். என் வீட்டுக்குக் கீழே சலவைக்கடை இருக்கிறது; இரவு பகலாக இயந்திரம் ஓடுகிறது. யாருக்கும் யாரையும் தெரியாத இந்தத் தெருவில், ஒருவர் களஞ்சியம் எரிந்தால் ஊரே வந்து கட்டிக்கொடுக்கும் இடத்தைப் பற்றி நினைத்துக்கொண்டே தூங்குகிறேன். சிரிக்காதீர்கள். ஜூனில் வருகிறேன்.

அன்புடன்,
கொரீன்


பிலடெல்பியா
ஜூலை 2, 1996

அன்புள்ள அத்தைக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். உங்கள் கால் எப்படி இருக்கிறது? என் கைதான் கொப்புளமாக இருக்கிறது. பெனுவேல் என்னைப் பார்த்து, "கேமரா பிடிக்கற கையில கவைக்கோலப் பிடிச்சா புல்லாவது காயும்" என்று சொன்னபோது நீங்கள் சிரித்ததை நான் கவனித்தேன்.

படங்கள் சிலவற்றை இத்துடன் அனுப்புகிறேன். முகம் ஒன்றும் இல்லை, நீங்களே பாருங்கள்.

ஒன்று கேட்கலாமா? அவர்கள் சமையலறைச் சுவரில் ஆண்களின் தொப்பி மாட்ட வரிசையாக மர முளைகள் இருக்கின்றன. கடைசி முளை மட்டும் எப்போதும் காலி. மகள் லீனாவிடம் கேட்டேன். "அம்மா அதுல எதையும் மாட்ட விடமாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் பால் கறக்கப் போய்விட்டாள். அது யாருடையது?

கொரீன்


லங்காஸ்டர்
ஜூலை 9, 1996

அன்புள்ள கொரீனுக்கு அத்தை எழுதுவது.

நான் நலம். படங்கள் வந்தன. மூன்றாவது படத்தில் வேலிக் கம்பத்தைப் பாதியில் வெட்டியிருக்கிறாய். செலரிக் கீரைப் பாத்தியில் மலிண்டாவின் கைகள் இருக்கும் படம் பரவாயில்லை. அவ்வளவு செலரி எதற்கு என்று நீ கேட்கவில்லை. இங்கே ஒரு வீட்டில் அளவுக்கு மேல் செலரி பயிரானால் அந்த வீட்டில் கல்யாணம் என்று அர்த்தம். நவம்பரில் லீனாவுக்கு. அக்டோபரில் சபையில் நற்கருணை வழிபாடு முடியும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாதாம். சாலையில் போகிற குதிரைகூடப் பாத்தியைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. ஆனால் நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

காலி முளை எனோஸுடையது. மூத்த மகன். வயது வந்து, தானே கேட்டு ஞானஸ்நானம் பெற்றபிறகு சபையை விட்டுப் போனான்; ஒன்பது வருடம் ஆகிறது. பெறாமல் போயிருந்தால் வருத்தத்தோடு முடிந்திருக்கும். பெற்றபின் போனதால் விலக்கு. சபையார் அவனோடு பேசலாம், ஆனால் ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது, அவன் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது.

ஒரே ஒரு முறை வந்தான். அன்று மலிண்டா என்ன செய்தாள் தெரியுமா? இரண்டு மேசையை ஒரு சாண் இடைவெளி விட்டுப் போட்டு, மேலே ஒரே விரிப்பை விரித்தாள். பார்க்கிறவர்களுக்கு ஒரு மேசை, சட்டத்துக்கு இரண்டு. நான் அதை அவள் முகத்துக்கு நேராகவே ஏமாற்று என்றேன். எங்கள் பள்ளி அக்வினாட்டா சிஸ்டர் பார்த்திருந்தால் பிரம்பை எடுத்திருப்பார். மலிண்டா விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். எனோஸ் அதற்குப் பிறகு வரவில்லை. பெனுவேல் அவன் பெயரைச் சொல்வதில்லை.

இதைப் பற்றி இனி நீ கேட்க வேண்டாம்.

அத்தை


லங்காஸ்டர்
செப்டம்பர் 8, 1996

கொரீனுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

பெனுவேலின் சித்தப்பா மகன் சாமுவேல் குதிரை ஏலத்துக்கு ஒஹையோ போயிருக்கிறார். அங்கே ஒரு மரச்சாமான் கடைக்குள் நுழைந்தால், கல்லாவுக்குப் பின்னால், மரச்சட்டம் போட்டு, மலிண்டா! முதுகு இல்லை. முழு முகம். பல் தெரியச் சிரிக்கிறாளாம். "அவ குரல்தான் வரல, மத்தபடி அப்படியே" என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். இப்போது ஊர் முழுவதும் அதுதான் பேச்சு.

அவளுக்குத் தெரியாமல் எங்கே ஒளிந்திருந்து எடுத்தாய்? வேலிக்குப் பின்னாலா? என் மாடி ஜன்னலிலிருந்தா? ஆமிஷ் முகம் தொங்கினால் நாற்காலி நன்றாக விற்கும் என்று அந்தக் கடைக்காரனிடம் கொடுத்தாயா? எளிமை, எளிமை என்று என் மேசையில் உட்கார்ந்து என் ரொட்டியைத் தின்றுகொண்டே பேசினாய்.

நீ இரண்டு காரியம் செய்ய வேண்டும். படத்தை உடனே இறக்கச் சொல். பிஷப் கிதியோனுக்கு உன் கையெழுத்தில் மன்னிப்புக் கடிதம் எழுது. என் வாக்கு உன் பையில் இருக்கிறது. அதை எனக்குத் திருப்பிக் கொடு.

ஒட்டிலியா


பிலடெல்பியா
செப்டம்பர் 21, 1996

அன்புள்ள அத்தைக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னியுங்கள். நாலைந்து முறை எழுதிக் கிழித்தேன்.

அந்தப் படத்தை நான்தான் எடுத்தேன். விற்கவில்லை. இறக்கிவிடும்படி கடைக்கு எழுதிவிட்டேன். பிஷப்புக்கு நீங்கள் கேட்கிற கடிதத்தை என்னால் எழுத முடியாது. ஏன் என்றும் சொல்ல முடியாது.

இலை உதிரத் தொடங்கிவிட்டது. ஈரப் படிக்கட்டில் பார்த்து இறங்குங்கள்.

கொரீன்


லங்காஸ்டர்
செப்டம்பர் 26, 1996

கொரீனுக்கு,

என் படிக்கட்டைப் பற்றி உனக்குக் கவலை வேண்டாம்.

முடியாது, சொல்ல முடியாது. இதுவா பதில்? உன் அப்பாவும் சின்ன வயதில் ஜன்னலை உடைத்துவிட்டு இப்படித்தான் நிற்பார். ஆனால் அவர் கடைசியில் ஒத்துக்கொள்வார்.

இங்கே நிலைமையைக் கேள். நாற்பது வருடமாக என் சமையலறைத் தொலைபேசிதான் அவர்களுக்கும். கால்நடை டாக்டரிலிருந்து லாரிக்காரன் வரை இங்கிருந்துதான் கூப்பிடுவார்கள். மூன்று வாரமாக ஒருவரும் வரவில்லை. பெனுவேல் ஒரு மைல் நடந்து பெட்ரோல் நிலையத்துக்குப் போய்ப் பேசுகிறார். வழிமறித்துக் கேட்டேன்.

"கோபமா?"

"கோபமா? மன்னிச்சாச்சே."

"அப்ப ஏன் வீட்டுக்கு வரல?"

"நடந்தா உடம்புக்கு நல்லது ஒட்டிலியா. நீதானே சொல்லுவ."

திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். மன்னித்துவிட்டவர்களை என்ன செய்வது? சுவரில் முட்டிக்கொள்வதுபோல் இருக்கிறது.

மலிண்டாவைச் செலரிப் பாத்தியில் பிடித்தேன். வெளுப்பாக வளர, தண்டைச் சுற்றி மண் அணைத்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணு உன் முகத்தத் திருடிட்டா. நான் அவள விடப்போறதில்ல" என்றேன். நிமிரவே இல்லை. "அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாத" என்றாள். "ஏன் சொல்லக் கூடாது?" என்றேன். "செலரிக்கு வெயில் படுது, கொஞ்சம் தள்ளி நில்லு" என்கிறாள்!

அக்டோபர் ஆறாம் தேதி அவர்களுடைய சபை கூடுகிறது. ஒருவர் மனதிலாவது பிணக்கு இருந்தால் நற்கருணை கிடையாது. நற்கருணை இல்லாமல் கல்யாணத்தை அறிவிக்க முடியாது. மலிண்டா வேண்டுமென்றே படத்துக்கு உட்கார்ந்து காட்டினாளோ என்று இரண்டு கிழவிகள் முணுமுணுப்பதாக லீனா அழுதாள். உன் படத்துக்காக ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கப்போகிறது.

நீ எழுதாவிட்டால் பிஷப்பிடம் நானே போவேன்.

ஒட்டிலியா


பிலடெல்பியா
அக்டோபர் 1, 1996

அத்தை,

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். பிஷப்பிடம் போகாதீர்கள். என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். போகாதீர்கள்.

கொரீன்


லங்காஸ்டர்
அக்டோபர் 9, 1996

கொரீனுக்கு அத்தை எழுதுவது.

உன் கடிதம் மூன்றாம் தேதி மாலை வந்தது. நான் அன்று காலையே போய்விட்டேன்.

பிஷப் கிதியோன் மாட்டுக்கொட்டிலில் இருந்தார். உட்கார வாளியைக் கவிழ்த்துப் போட்டார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"ஆங்கிலேயர் ஒளிஞ்சிருந்து எடுக்கறது புதுசா?" என்றார். நாம் ஜெர்மன் வம்சம்தான். ஆமிஷ் அல்லாத எல்லோரும் அவர்களுக்கு ஆங்கிலேயர். "போன வருசம் என்னைய எடுத்துத் தபால் அட்டையில போட்டுட்டாங்க. என் மூக்கு அதுல இன்னும் பெருசு. மலிண்டா விஷயத்தையும் அப்படியே விட்டாச்சு. கிழவிங்க முணுமுணுப்பு பனி மாதிரி, வெயில் வந்தா போயிரும்."

"நான் விடல" என்றேன். "மலிண்டா மேல ஒரு பேச்சு விழக் கூடாது. திருடினது என் அண்ணன் பொண்ணு கொரீன். அத பேரோட சபையில சொல்லுங்க. எல்லாருக்கும் தெரியட்டும்."

தாடியைத் தடவிக்கொண்டார். "நீங்க விடலேன்னா நாங்க எப்படி விடறது?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் உன் பெயரைச் சொல்லியிருக்கிறார். உடனே மலிண்டா எழுந்து, நடுவில் வந்து மண்டியிட்டாளாம். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். மண்டியிட்டு ஒருவர் ஒத்துக்கொண்டால் சபை மன்னிக்கும். மன்னித்தபின் அதைப் பற்றி உயிருள்ளவரை யாரும் பேசக் கூடாது. லீனாவிடம் கேட்டேன், வாயைத் திறக்கவில்லை. பெனுவேல் வானத்தைப் பார்த்தார். இந்தச் சாலையில் எந்த வீட்டுப் பசு எப்போது கன்று போடும் என்பதுவரை எனக்குத் தெரியும். இது மட்டும் தெரியவில்லை.

நேற்று மாலை மலிண்டா வந்தாள். உட்காரவில்லை.

"உன் அண்ணன் பொண்ணு திருடல. நான்தான் குல்லாயச் சரி பண்ணிட்டு உக்காந்தேன். எடுன்னு சொன்னதே நான்தான். உனக்கு இது தெரியணும், அதுக்குத்தான் வந்தேன். இதுக்கு மேல கேக்காத. முடிஞ்சு போச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அந்தக் கடை யாருடையது, கொரீன்?

ஒட்டிலியா


பிலடெல்பியா
அக்டோபர் 15, 1996

அன்புள்ள அத்தைக்கு,

நலமாக இருக்கிறீர்களா? அந்த மாட்டுக்கொட்டில் வரை இருக்கிற மேட்டில் நடந்தா போனீர்கள்?

மலிண்டா இனி மறைக்க வேண்டாம் என்று லீனா மூலம் எழுதியிருக்கிறார். அதனால் சொல்கிறேன். கடை எனோஸுடையது.

நான் கிளம்புவதற்கு முந்தைய நாள், திங்கட்கிழமை, துணி துவைக்கும் கொட்டகையில் கைகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். மலிண்டா கதவைச் சாத்தினார். எனோஸ் எழுதிய கடிதத்தில் ஒரு வரியைச் சொன்னார்: "அம்மா, கண்ண மூடினா உன் குரல் வருது, முகம் வரமாட்டேங்குது." பிறகு, "ஒரு படம்கூட இல்லாத வீட்ல வளந்தவன். எதப் பாத்து ஞாபகம் வச்சுக்குவான்?" என்றார். தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் சோப்புக் கட்டியோடு வைத்துக்கொண்டார். "சிரிக்கணுமா? சிரிச்சா கிழவியா தெரிவேனா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அவரே சிரித்தார். அப்போது எடுத்தேன். ஒரே பிரதி போட்டு அவனுக்கு அனுப்பினேன். நெகட்டிவைக் கொளுத்திவிட்டேன். அவன் பெருமை தாங்காமல் கடையில் மாட்டுவான் என்று நாங்கள் இருவருமே நினைக்கவில்லை. சாமுவேல் நுழைந்த நேரம் அவன் கடையில் இல்லையாம்.

முகத்தை எடுக்கமாட்டேன் என்று உங்களுக்குக் கொடுத்த வாக்கை உடைத்தேன். அதை நான் மறுக்கவில்லை.

உங்களிடம் மறைக்கச் சொன்னவர் மலிண்டாதான். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒட்டிலியாவுக்குப் பொய் சொல்ல வராது. அவளுக்கு அந்தக் கஷ்டத்தக் குடுக்காத."

கொரீன்


(இந்தக் கடிதத்துக்கு ஆறு வாரம் வரை பதில் வரவில்லை.)


லங்காஸ்டர்
நவம்பர் 27, 1996

அன்புள்ள கொரீனுக்கு அத்தை எழுதுவது.

பதில் எழுதவில்லை என்று நினைத்திருப்பாய். வேலை இருந்தது.

லீனாவின் கல்யாணம் போன செவ்வாய்க்கிழமை நடந்தது. முந்நூறு பேர். செலரி எல்லா மேசையிலும் ஜாடியில் பூப்போல நின்றது. உப்பு சற்றுக் குறைவு. தொலைபேசிக்கும் மறுபடி வரத் தொடங்கிவிட்டார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு கார் வந்து நின்றது. எனோஸ். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. எதிர்வீட்டில் கல்யாண விருந்தாளிகள் இன்னும் இருந்தார்கள்; அவர்கள் முன்னால் போய் நிற்க அவனுக்கு மனமில்லை. கையில் செய்தித்தாள் சுற்றிய படச்சட்டம். இறக்கிவிடும்படி நீ எழுதினாயே, தபாலில் அனுப்பாமல் தானே எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். ஆறு மணி நேரம் ஓட்டியிருக்கிறான். நான் ஆள் அனுப்பினேன். மலிண்டா மாவுக் கையோடு சாலையைக் கடந்து ஓடி வந்தாள். இருவரும் என் சமையலறையில் நின்றார்கள். அவன் நீட்டினான். அவள் இரண்டு கையையும் ஏப்ரனில் சுருட்டிக்கொண்டாள். அவன் கையிலிருந்து அவள் வாங்கக் கூடாது.

"இங்க குடு" என்றேன். வாங்கி, பிரித்து, பார்த்தேன். பிறகு அவளிடம் கொடுத்தேன். என்னிடமிருந்து வாங்கத் தடையில்லை.

படம் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. தொட்டியின் விளிம்பு வெட்டுப்பட்டிருக்கிறது. முகம் சரியாக வந்திருக்கிறது.

மலிண்டா ஒரு நிமிடம் பார்த்தாள். "இவ்வளவு பல்லா எனக்கு?" என்றாள். சட்டத்திலிருந்து உருவி, என் அடுப்பைத் திறந்து, உள்ளே போட்டாள். சட்டத்தை அவனிடமே கொண்டுபோகச் சொன்னாள். "நல்ல மரம்டா, வீணாக்காத. படம் இனி எதுக்கு? இதோ நிக்கறேன், பாத்துக்க" என்றாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். நான் உருளைக்கிழங்கு உரிக்கத் தொடங்கினேன்.

சாப்பிடாமல் அனுப்ப முடியுமா? என் சமையலறை மேசையையும் சீட்டாடும் மேசையையும் ஒரு சாண் விட்டுப் போட்டேன். சீட்டு மேசை கொஞ்சம் குட்டை. அதன் கால்களுக்கடியில் நான்கு ஜெபப் புத்தகங்களை வைத்தேன். அக்வினாட்டா சிஸ்டர் என்னை மன்னிக்கட்டும். மேலே என் கல்யாண விரிப்பை விரித்தேன். மலிண்டா என்னைப் பார்த்தாள். இதைப் பற்றி அவள் எதுவும் சொல்லியிருந்தால் நான் விரிப்பை மடித்திருப்பேன். சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து பெனுவேல் கதவைத் தட்டினார். "கால்நடை டாக்டருக்குப் பேசணும்" என்றார்.

"பசுவுக்கு என்ன?"

"பசுவுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு" என்றவர் தொப்பியைக் கழற்றிவிட்டு மலிண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். ரொட்டியைப் பிட்டு, தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒஹையோவுல மழை எப்படி?" என்று கேட்டார்.

"நல்ல மழைப்பா" என்றான் எனோஸ்.

அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் கிழங்குக் கிண்ணம் நடுவில் இருந்தது. இரண்டு பக்கமும் எட்ட வேண்டுமே. கிண்ணம் கனம், அந்த இடைவெளியில் விரிப்பு தொய்ந்து உள்ளே இறங்கத் தொடங்கியது. விரிப்பு தொய்ந்தால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, உனக்குத் தெரியும். நான் இரண்டு மேசைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு மாடி அறையைத் தயார் செய்து வைத்திருக்கிறேன். ஆறரைக்கு முன்னால் எழுந்திருக்க வேண்டியதில்லை. காப்பியைச் சூடாகவே வைத்திருப்பேன். பெனுவேல் கவைக்கோல் தயாராக இருக்கிறது என்று சொல்லச் சொன்னார்.

என் முழங்காலைப் பற்றிக் கேட்பாய். வலது பக்கம் நன்றாக வீங்கியிருக்கிறது. அவர்கள் சாப்பிட்டு எழும்வரை, முக்கால் மணி நேரம், அந்தக் கிண்ணத்தை விரிப்புக்கு அடியில் தாங்கிக்கொண்டிருந்தது அதுதான்.

உன் அத்தை,
ஒட்டிலியா